அனுராதபுரமும் அயலாற்று நீரும்

அனுராதபுரம் ஆற்றங்கரையில் எழுந்த நகரம். விசயனைச் சேர்ந்தோருள் ஒருவனான அனுராதன் கதம்ப நதியின் அருகே தன் பெயரால் ஓர் ஊரமைத்தான் என்று மகாவமிசம் உரைக்கும். கதம்ப நதி என்பது இன்றைய மல்வத்து ஓயா. அவ்வாறே வடமேற்காக ஓடி, மன்னார்ப் பகுதியை அடைந்ததும் அருவியாறு என்னும் தமிழ்ப் பெயர் பூண்டு, அரிப்புக்கு அண்மையில் கடலோடு கலக்கின்றது. ஏறத்தாழ 164 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாறு, மகாவலிக்கு அடுத்தபடியாக இலங்கையின் நீண்ட ஆறாகக் கணிக்கப்படுவது.

ஆற்றங்கரையில் நகரம் எழுவது உலகறிந்த செய்தி, அதில் வியப்பொன்றுமில்லை. அனுராதபுரத்தின் வரலாற்றில் வியப்பிற்குரியது வேறொன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இலங்கையின் தலைநகராய் விளங்கிய அந்நகரம், தன் மதிலோரம் ஓடிய ஆற்றை நம்பி வாழவில்லை. அதன் வளர்ச்சியின் உச்சகாலத்தில் அதன் குளங்களை நிரப்பியது, தெற்கே வெகுதொலைவில் வேறு திசை நோக்கி ஓடும் கலா ஓயா என்னும் பிறிதோர் ஆற்றின் நீர். அந்நீர் 54 மைல் நீளமுள்ள ஒரு வாய்க்கால் வழியே நகருக்கு வந்தது. அப்படியாயின் மல்வத்து ஓயா நகருக்கு ஆற்றிய பணி யாது? இவ்வினாவுக்கு விடை காணப் புகுவோர், முதலில் அவ்வாற்றின் இயல்பை அறிதல் வேண்டும்.

இலங்கையின் பேராறுகள் பல மத்திய மலைநாட்டில் பிறப்பவை. இருபருவ மழையையும் பெறும் அம்மலைகள் ஆற்றுக்கு ஆண்டு முழுவதும் நீர் ஊட்டுகின்றன. மல்வத்து ஓயாவுக்கு அந்தப் பேறு இல்லை. அது உலர்வலயத்திலே பிறந்து உலர்வலயத்திலேயே முடிகின்றது. அனுராதபுரப் பகுதியில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 50 அங்குலம். இலண்டன் நகரில் ஓராண்டிற் பெய்யும் மழையின் இருமடங்குக்கு இது குறையாது என்றாலும், அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரையிலான மாரியிற் கொட்டித் தீர்ந்துவிடும். பின்னர்ச் சோளகம் வீசும் மாதங்களில் வானமும் வெளுக்கும், நிலமும் வெடிக்கும், ஆறும் மணற்படுக்கையிற் சில மடுக்களாகச் சுருங்கும். மாரியில் கரைபுரண்டு ஊரை அழிப்பதும் கோடையில் ஊருக்கு உதவாமற் போவதுமாகிய இரு குணமும் உடைய ஆறு அது.

இன்னுமொரு குறையும் உண்டு. ஆற்றின் படுக்கை நகரின் நிலத்திலும் தாழ்ந்தது. பழைய நகரம் ஆற்றின் மேற்கே அமைந்தது. அதன் நிலம் மேற்கிலிருந்து ஆற்றை நோக்கி மெல்லச் சரிந்து செல்கின்றது. ஆற்று நீரை மேட்டுக்கு ஏற்றும் இயந்திரம் இல்லாத அக்காலத்தில், காலடியில் ஓடும் நீரைக் கொண்டு தலைமாட்டில் உள்ள வயலை நனைத்தல் இயலாது. நீர் மேலிருந்தே வருதல் வேண்டும். நகரின் பழைய குளங்கள் இரண்டும் மேற்குப் புறத்தே அமைந்திருப்பதன் காரணம் இதுவே.

அக்குளங்களுள் முந்தியது அபய வாவி. பண்டுகாபயன் அமைத்தது என மகாவமிசம் கூறும் இதனை மரபுவழிக் காலக்கணிப்புக் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வைக்கும். இன்று இதன் பெயர் பசவக்குளம். சிங்கள மக்கள் வாயிலும் அது 'குளம' என்றே முடிகின்றது. அடுத்தது தேவநம்பிய தீசன் பெயரால் வழங்கும் தீச வாவி, கி.மு. 3ஆம் நூற்றாண்டினது. தமிழ் மாணவர் இவ்வாவியை ஒரு கதையோடு சேர்த்து நினைவிற் கொள்ளலாம். நாற்பத்துநான்கு ஆண்டு அனுராதபுரத்தை ஆண்ட எல்லாளனின் மகன் இந்தத் தீச வாவிக்குத் தேரூர்ந்து செல்லும் வழியிலேதான் கன்றின்மீது தேர்ச்சில்லை ஏற்றினான் என்று மகாவமிசம் சொல்கின்றது. நாம் திருவாரூர்க் கதையாகக் கேட்டு வளர்ந்த செய்தியைப் பாளி நூலார் இக்குளக்கரையில் வைத்துக் கூறியிருப்பது ஆராய்ச்சிக்குரியது. அது நிற்க.

இவ்விரு குளங்களும் தத்தம் சிறிய நீரேந்து பரப்பில் விழும் மழையை நம்பியவை. ஒரு சிற்றூர் தழைக்க அது போதும். பின்வந்த நூற்றாண்டுகளில் அனுராதபுரம் சிற்றூராக இருக்கவில்லை. மகாவிகாரை, அபயகிரி, சேதவனம் என்னும் மூன்று பெருந் துறவிமடங்களும் அரண்மனையும் கைவினைஞர் தெருக்களும் கொண்ட மாநகராயிற்று. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாண்டு இலங்கையில் தங்கிய சீன யாத்திரிகர் பாகியன், அபயகிரியில் மட்டும் ஐயாயிரம் துறவிகள் இருந்தனர் என்று எழுதிவைத்தார். அவ்வெண்ணிக்கையை அப்படியே கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், உழாதவர் பல்லாயிரவர் உண்ணும் நகரம் அது என்பது தெளிவு. உழாதவர் உண்ண உழுபவர் வயலுக்கு இருபோக நீர் வேண்டும். மழை ஒருபோகத்துக்கே போதுமானது. பற்றாக்குறை அங்கே தொடங்கிற்று.

நீரைத் தூரத்திலிருந்து கொண்டுவரலாம் என்னும் துணிவு இலங்கை மன்னருக்கு முன்னரே வந்துவிட்டது. 1ஆம், 2ஆம் நூற்றாண்டுகளின் சந்தியில் ஆண்ட வசபன் வாய்க்கால்கள் பன்னிரண்டு வெட்டினான் என்று மகாவமிசம் கணக்கிடுகின்றது. ஆயினும் அனுராதபுரத்தின் நிலையை அடியோடு மாற்றிய வேலை 5ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தாதுசேனன் காலத்தது. மாத்தளைப் பக்கத்துக் குன்றுகளில் பிறந்து, வடமேற்கே ஓடிப் புத்தளத்துக்கு வடக்கே கடலில் விழும் கலா ஓயாவை, மூன்று மைலுக்கு மேற்பட்ட நீளமுடைய அணையால் மறித்து அவன் கலாவாவியை ஆக்கினான். மல்வத்து ஓயாவோடு ஒப்பிடுகையில் கலா ஓயாவின் மேற்பகுதி மலைநாட்டுக்குக் கிட்டியது. அதனால் நீர்வரவும் சற்று உறுதியானது. அனுராதபுரத்திலும் உயர்ந்த நிலத்தில் அந்நீரைத் தடுத்து நிறுத்த முடிந்தமையே அதன் சிறப்பு.

கலாவாவியிலிருந்து தீச வாவி வரை சென்ற வாய்க்காலைச் சூளவமிசம் ஜயகங்கை என்று பெயரிட்டு அழைக்கும். சிங்கள மக்கள் இன்று அதனை யோத எல என்பர், பூத வாய்க்கால் என்பது பொருள். இவ்வாய்க்காலையும் தாதுசேனனே வெட்டுவித்தான் என்பது வரலாற்றாசிரியர் பலர் கொண்ட முடிபு. அதுவே பொருத்தமும் ஆகும். கலாவாவியைச் சூழ்ந்த வயல்களுக்கு மட்டும் அத்துணைப் பெரிய அணை வேண்டியதில்லை. தலைநகரை நோக்கமாகக் கொண்டே அது கட்டப்பட்டிருத்தல் வேண்டும்.

வாய்க்கால் என்றதும் இருபுறமும் கரையுயர்த்தி நேராக வெட்டப்பட்ட கால்வாயை மனத்தில் எண்ணுதல் கூடாது. ஜயகங்கைக்கு ஒரு கரையே உண்டு. பள்ளப் பக்கத்தில் மட்டும் மண்ணணை கட்டி, மேட்டுப் பக்கத்தை இயற்கையாக விட்டுவிட்டனர். நிலத்தின் சமவுயரக் கோட்டைத் தழுவி வளைந்து வளைந்து செல்லும் இவ்வாய்க்கால், மேட்டுப் பக்கத்தே ஒரு சிறு பள்ளத்தாக்கு வந்தால் அதனுள் அகன்று குளம்போற் பரவும். குன்றோரம் வந்தால் ஒடுங்கி ஏறக்குறைய 40 அடி அகலத்து ஓடையாகும். சிக்கனம் கருதிச் செய்த வேலை இது என்று முதற்பார்வையிற் தோன்றலாம். ஒரு கரைக்கான மண்ணும் கூலியும் மிச்சம் என்பது உண்மையே. ஆனால் பெரிய இலாபம் வேறிடத்தில் உள்ளது. இருகரை வாய்க்காலுக்கு மேட்டிலிருந்து வரும் மழைவெள்ளம் பகையாகும். கரையை உடைத்துக்கொண்டு உட்புகும், அன்றேல் அதன் அடியால் வேறு வழி விடல் வேண்டும். ஒருகரை வாய்க்காலுக்கோ அவ்வெள்ளம் விருந்தாகும். வழிநெடுக மேட்டில் விழும் மழையெல்லாம் தானே வந்து சேர்கின்றது. கலாவாவியிற் புறப்படும் நீர் வழியிற் சூரியனுக்கும் மண்ணுக்கும் இழப்பதில் ஒரு பகுதியை மாரியில் இவ்வாறு ஈடுசெய்து கொள்ளும். அகன்ற இடங்களில் நீரின் வேகம் தணிவதால் வண்டலும் அங்கேயே தங்கிவிடும்.

இதன் சரிவே வல்லுநரைத் திகைக்கச் செய்தது. முதற் 17 மைலுக்கு, மைலொன்றுக்கு 6 அங்குலமே வாய்க்கால் தாழ்கின்றது. கணக்குப் பார்த்தால், 17 மைல் கடக்கையில் நீர் இறங்கியது எட்டரை அடி மட்டுமே. ஒரு மனிதனின் உயரத்திலும் சற்றே அதிகம். ஏன் இத்துணை நுணுக்கம் வேண்டும்? சரிவு மிகுந்தால் நீர் விரைந்து கரையை அரிக்கும். அதனிலும் முக்கியமானது, தொடக்கத்திலே உயரத்தைச் செலவழித்துவிட்ட வாய்க்கால் பின்னர் நீர்பிரிமேட்டைக் கடக்க இயலாது என்பது. ஜயகங்கை கலா ஓயாவின் வடிநிலத்தில் தோன்றி, அதற்கும் மல்வத்து ஓயாவுக்கும் இடையே உள்ள மேட்டைத் தாண்டி, மறு வடிநிலத்தில் இறங்கவேண்டிய வாய்க்கால். ஆகவே உயரமே அதன் முதல். முதலைக் கையிற் பிடித்துக்கொண்டு சிறுகச் சிறுகச் செலவிடும் சிக்கனக்காரன்போல் அது நடக்கின்றது. நீர்மட்டக் கருவி எதனைக் கொண்டு அன்றைய தச்சர் இதனை அளந்தனர் என்பதை எந்த நூலும் சொல்லவில்லை. ஓடும் நீரையே கருவியாகக் கொண்டு, வெட்டவெட்ட விட்டுப் பார்த்து முன்னேறினர் என்று கொள்வதே தகும்.

வழியிலுள்ள ஊர்க்குளங்கள் பலவும் இவ்வாய்க்காலால் நிரம்பின. ஆகவே ஜயகங்கை நகருக்கு மட்டும் நீர் சுமந்து செல்லும் குழாய் அன்று; அது கடந்து செல்லும் நாட்டுக்கெல்லாம் நீர் பகிர்ந்த ஒழுங்கு. இவ்வாறு பகிர்ந்தபின் எஞ்சியது தீச வாவியை அடைந்தது.

தீச வாவியிலிருந்து நகருக்குள் நீர் சென்ற வழி தனியே நோக்கத்தக்கது. வாவியின் கட்டுக்குக் கீழே அரசர் பூங்காவாகிய ரன்மசு உயன அமைந்தது. அங்குள்ள கற்கேணிகளுக்கு வாவி நீர் நிலத்தடிக் குழாய் வழியே தன் அழுத்தத்தாலேயே வந்தது. சற்று அப்பால் அபயகிரியில் குட்டம் பொக்குண எனப்படும் இரட்டைத் தடாகம் உள்ளது. பெரியது 132 அடி நீளம், சிறியது 91 அடி. அதனுட் புகும் நீர் முதலில் ஒரு சிறு தொட்டியில் விழுந்து, மண்ணையும் மணலையும் அங்கே விட்டுவிட்டு, மகரவாய் வழியே தெளிந்த நீராகத் தடாகத்திற் பாய்ந்தது. குளிப்பதற்கென வந்த துறவியர் கலங்கல் நீரைக் காணவில்லை. நிலத்தடிக் குழாய்களாற் குளங்களை நிரப்பிய செயலை மகாவமிசம் வசபனுக்கே உரியதாக்கும். ஆகவே ஜயகங்கை வருவதற்கு மூன்றரை நூற்றாண்டுக்கு முன்பே நகரின் உட்குழாய் வேலை தொடங்கிவிட்டது எனலாம். பெருநீர் வந்தபோது அதனை ஏற்கும் பாத்திரம் ஆயத்தமாக இருந்தது.

நீர் மிகுந்தால் வழக்கும் மிகும். யாருக்கு எவ்வளவு என்னும் கேள்வியைத் தலைநகரமும் தவிர்க்க முடியவில்லை. முற்காலப் பிராமிக் கல்வெட்டுக்களில் 'தகபதி' என்னும் சொல் வருகின்றது. குள நீருக்குச் செலுத்தும் வரி அது. அரசனும் தனியாரும் அவ்வரியை விகாரைகளுக்கு எழுதிவைத்தனர். 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட நான்காம் மகிந்தனின் வெஸ்ஸகிரிக் கல்வெட்டு, தீச வாவி நீர் ஈசுரமுனியைச் சேர்ந்த விகாரை நிலங்களுக்குப் பாயும் உரிமையை ஒழுங்குபடுத்துவது. மடத்தின் வயலுக்கு நீர் திறக்கும் உரிமையைக் கல்லில் வெட்டிவைக்க வேண்டிய நிலை தோன்றியதென்றால், அதற்கு முன் அவ்வுரிமை எத்தனை முறை மீறப்பட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம். கல்வெட்டு என்பது பெரும்பாலும் நடந்துபோன ஒரு சச்சரவின் முடிவுரையே.

இனி மல்வத்து ஓயாவுக்கு வருவோம். நகரின் நிலம் ஆற்றை நோக்கிச் சரிகின்றது என்று முன்னர்க் கூறினோம். மேற்கே தீச வாவியிலும் அபய வாவியிலும் தேங்கிய நீர், பூங்காவிலும் தடாகத்திலும் வயலிலும் பயன்பட்டபின் கிழக்கும் வடக்குமாக வடிந்து, ஈற்றில் மல்வத்து ஓயாவையே சேர்ந்தது. வாய்க்கால் நகருக்கு வாயானால் ஆறு அதற்குக் கழிவாயில். பண்டுகாபயன் நகரமைத்தபோது தெருத் துப்புரவுக்கு ஐந்நூறு பேரையும் சாக்கடை துப்புரவுக்கு இருநூறு பேரையும் நியமித்தான் என்று மகாவமிசம் கூறுவது இங்கு நினைக்கத்தக்கது. எண்களில் உயர்வு நவிற்சி இருக்கலாம். வடிகால் இல்லாத நகரம் நீர் பெருகுந்தோறும் நோய் பெருகி அழியும் என்பதை அந்நூலார் அறிந்திருந்தனர். பெரிய நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் நீர் வந்த வழியைப் பக்கம் பக்கமாக எழுதி, நீர் போன வழியை ஒரு வரியில் விடுவர். போகும் வழியின்றி வரும் வழியினாற் பயனில்லை. ஆறு தாழ்ந்து ஓடியமை பாசனத்துக்குக் குறையாயிற்று. வடிகாலுக்கு அதுவே நிறைவாயிற்று.

ஆறு எல்லையாகவும் நின்றது. மகாவிகாரையின் எல்லையைத் தேவநம்பிய தீசன் ஏரோட்டிக் குறித்தபோது, அக்கோடு கதம்ப நதிக்கரையிலே தொடங்கிச் சுற்றி வந்து அந்நதிக்கரையிலேயே முடிந்தது என்பர். மல்வத்து ஓயாவின் மீது கற்பாலம் அமைத்த அடையாளங்கள் அனுராதபுரத்தில் இன்றும் உள்ளன. கற்றூண்கள் மீது நீண்ட கற்பலகைகளைப் பரப்பிய எளிய பாலம். மாரி வெள்ளத்துக்கு அது ஈடு கொடுத்தது.

ஆற்றைப் பாசனத்துக்கு முற்றாகக் கைவிட்டனர் என்று கொள்ளுதலும் தவறு. நகருக்கு அணித்தே தாழ்ந்து ஓடும் ஆற்றை, அது இன்னும் உயர்ந்த நிலத்தில் ஓடும்போதே மறித்தால் என்ன? தெற்கே சில மைல் தொலைவில் நாச்சதுவ என்னும் பெருங்குளம் மல்வத்து ஓயாவை மறித்துக் கட்டப்பட்டது இவ்வெண்ணத்தாலேயே. நகரின் கிழக்கே உள்ள நுவர வாவி, நகரைச் சூழ்ந்த குளங்களுள் மிகப் பெரியது. மல்வத்து ஓயாவின் நீர் நாச்சதுவயிலிருந்து வாய்க்கால் வழியே அதனை அடைகின்றது. ஆகவே நகரின் மேற்கை அயலாறு ஊட்டியது, கிழக்கைச் சொந்த ஆறு ஊட்டியது எனலாம். ஆனால் சொந்த ஆற்றை அணைகட்டி ஆள்வது எத்துணை இடர்மிக்கது என்பதை 1957ஆம் ஆண்டு மார்கழி வெள்ளம் காட்டிற்று. திருத்தி அமைக்கப்பட்டு அரை நூற்றாண்டு நின்ற நாச்சதுவக் குளக்கட்டு அவ்வெள்ளத்தில் உடைந்தது. மறு ஆண்டு அதனை மீளக் கட்டினர்.

தொலைவிலிருந்து நீர் பெறும் நகரம் தொலைவிலிருந்தே அழிக்கப்படவும் கூடும். தாதுசேனனின் முடிவைப் படிப்போருக்கு இது விளங்கும். தந்தையைச் சிறைசெய்த காசியப்பன், ஒளித்துவைத்த செல்வம் எங்கே என்று கேட்டனுப்பினான். கிழவேந்தன் கலாவாவிக்குத் தன்னை அழைத்துச் செல்லுமாறு கேட்டு, அங்கே நீரில் இறங்கிக் கையால் நீரை அள்ளிக் காட்டி, தனக்குள்ள செல்வமெல்லாம் இதுவே என்றான். பின்னர் அவன் கொல்லப்பட்டான். இக்கதையைக் கூறும் சூளவமிசமே இன்னொன்றையும் கூறுகின்றது. கலாவாவி அணை எழுந்த காலத்தில் தியானத்திலிருந்து எழாத ஒரு துறவியின் மேலேயே மண்ணைக் கொட்டிக் கட்டினராம். மன்னனின் முடிவு அதன் வினைப்பயன் என்பது நூலாரின் கருத்து. வினைப்பயனை நம்பினாலும் நம்பாவிட்டாலும், பெரிய அணைகளின் அடியில் பெயர் தெரியாதவர் உழைப்பும் உயிரும் புதைந்துள்ளன என்பதை மறுக்க முடியாது. மன்னர்களுக்குத் துதிபாடும் நூலொன்றில் இச்செய்தி இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது.

ஒரு கரை மட்டுமுள்ள வாய்க்காலுக்கு அக்கரையே உயிர். 54 மைலில் எங்கேனும் ஓரிடத்து உடைந்தால், அதற்கப்பால் உள்ள ஊர்களும் நகரமும் வறண்டன. வண்டல் அள்ளவும் மரவேர் களையவும் உடைப்பு அடைக்கவும் ஆண்டுதோறும் ஆட்களைத் திரட்டும் ஆட்சி தேவைப்பட்டது. 993ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசனின் படை அனுராதபுரத்தைக் கைப்பற்றிற்று. சோழர் பொலன்னறுவையைத் தலைநகராக்கினர். 1070இல் அவரை வென்ற விசயபாகுவும் பொலன்னறுவையிலேயே அரசிருந்தான். அனுராதபுரத்தின் வீழ்ச்சிக்குச் சோழர் படையெடுப்பையே முழுக்காரணமாகக் கூறுவது நம் பாடநூல்களில் வழக்கம். தலைநகர் மாறியதே பெருங் காரணம் எனல் இன்னும் பொருந்தும்; ஆட்சி சென்ற இடத்துக்கே ஆளணியும் சென்றது. பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் ஜயகங்கையைத் திருத்தினான் என்று சூளவமிசம் கூறுவதிலிருந்தே, இடைக்காலத்தில் அது பழுதுற்றுக் கிடந்தமை பெறப்படும். அவனுக்குப் பின் திருத்துவார் இலர். 13ஆம் நூற்றாண்டுக்குப் பின் கலாவாவி உடைந்து காடாயிற்று. தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. எஞ்சியிருந்த ஊர்களையும் மலேரியா தேய்த்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1873இல் வடமத்திய மாகாணம் தனியே அமைக்கப்பட்டது. தேசாதிபதி வில்லியம் கிரகரி தொடக்கிவைத்த குளத் திருத்தம், ஆதர் கோடன் தேசாதிபதியாயிருந்த 1880களில் கலாவாவியையும் ஜயகங்கையையும் எட்டிற்று. அளவைக் கருவிகளோடு சென்ற பொறியியலாளர் புதுவழி தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பழைய தடத்தையே தூர்வாரிப் பின்பற்றினர். கலா ஓயாவின் நீர் பல நூற்றாண்டுகளின் பின் மறுபடியும் தீச வாவிக்கு வந்தது. 1976இல் இதனிலும் பெரிய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே அதன் நீரை வடக்கே திருப்பினர். அந்நீர் அம்பன் கங்கைப் பக்கம் இறங்கி, போவத்தனையிலிருந்து இன்னொரு சுரங்கத்தால் கலாவாவியை அடைகின்றது. அதன் பின், கொட்டியாரக் குடாவிற் கலக்க வேண்டிய மலைநாட்டு நீரின் ஒரு பங்கு அனுராதபுரத்தின் பக்கம் வரலாயிற்று. தாதுசேனன் ஓர் ஆற்றை மற்றோர் ஆற்றின் நிலத்துக்குக் கொண்டுவந்தான். இக்காலத்தவர் மூன்றாவது ஆற்றையும் அதனோடு பிணைத்தனர்.

இப்பிணைப்பினால் மிகுதியும் நன்மையோ தீமையோ அடையக்கூடியவர் அனுராதபுரத்தார் மட்டுமல்லர். நகரிற் பயன்பட்டு வடிந்த நீர் மல்வத்து ஓயாவில் விழுந்தபின் அதன் கதை முடிந்துவிடுவதில்லை. தந்திரிமலையைக் கடந்து மன்னார் மாவட்டத்துட் புகுந்து அருவியாறானதும், தேக்கம் என்னுமிடத்தில் பழைய கல்லணை ஒன்று அதனை மறிக்கின்றது. தேக்கம் என்னும் தமிழ்ச்சொல்லே ஊர்ப்பெயராகிவிட்டது. ஆற்றின் வடகரையிற் பிரியும் வாய்க்கால் கட்டுக்கரைக் குளத்துக்கும், தென்கரையிற் பிரிவது அகத்திமுறிப்புக் குளத்துக்கும் செல்கின்றன. ஆங்கிலேயர் பூதக்குளம் எனப் பொருள்படப் பெயரிட்டழைத்த கட்டுக்கரை, மாந்தைப் பகுதியின் நெற்களஞ்சியம். அதனால் நூற்றுக்கு மேற்பட்ட சிறுகுளங்கள் நிரம்புகின்றன. 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல் அதனை நம்பியுள்ளது. திருக்கேதீச்சரத்தின் அயலிலுள்ள வயல்களும் அவற்றுள் அடங்கும். அனுராதபுரத்தின் துறைமுகமாய் விளங்கியது மாந்தை. கப்பலில் வந்த பண்டம் மாந்தையிலிருந்து நகருக்குச் சென்றது. நகரிலிருந்து வடிந்த நீர் மாந்தை வயலுக்கு வந்தது.

கட்டுக்கரை கமக்காரர் காலபோகத்துக்கு வானத்தை நோக்குவர். சிறுபோகத்துக்கோ கட்டுக்கரையின் நீர்மட்டத்தை நோக்குவர். குளத்து நீரை அளந்து, இவ்வாண்டு இத்தனை ஏக்கருக்கே சிறுபோகம் என்று வரையறுக்கும் கூட்டத்தில் அவர்கள் தம் பங்கைப் பெறுகின்றனர். அக்கூட்டத்துக்கு வெகுதொலைவில், மேலே நாச்சதுவயிலும் நுவர வாவியிலும் ஒரு துருசு எத்தனை அங்குலம் திறக்கப்படுகின்றது என்பது அவர்கள் பங்கைக் கூட்டும், குறைக்கும். 1990க்கும் 2009க்கும் இடைப்பட்ட யுத்த ஆண்டுகளில் உழுவாரின்றி அவ்வயல்களிற் பல தரிசாய்க் கிடந்தன. ஆற்று நீர் அப்போது பயனின்றிக் கடலுக்குச் சென்றது. மக்கள் மீண்டபின் வாய்க்கால்களைத் தூர்வாரிப் பழைய வயல்களைத் திருத்தினர். மேல்நிலத்தில் புதிதாக ஓர் அணை எழும் என்னும் பேச்சு வரும்போதெல்லாம் மன்னார் வயல்வெளிகளில் இரண்டு கேள்விகள் எழும்: வெள்ளம் தணியுமா என்பது ஒன்று, கோடை நீர் கீழே இறங்குமா என்பது மற்றது. முதலாவதற்கு விடை கூறுவது எளிது. இரண்டாவதற்கு விடை, அணையின் உயரத்திலன்று, துருசின் திறப்பை யார் யாரோடு கலந்து தீர்மானிக்கின்றனர் என்பதில் உள்ளது. வெஸ்ஸகிரியில் கல்லில் வெட்டி வைத்ததும் அதே கேள்விக்கு அக்காலத்தார் கண்ட விடையே.

தேக்கத்தில் இருபுறமும் பிரிந்தபின் எஞ்சும் நீர் மாரியில் அணைக்கு மேலாக வழிந்து, அருவியாற்றின் அகன்ற மணற்படுக்கையால் அரிப்புக் கடலை அடைகின்றது. அதில் மல்வத்து ஓயாவின் நீரும், கலா ஓயாவின் நீரும், இன்று மகாவலியின் நீரும் கலந்திருக்கும். கோடையில் அங்கே பெரும்பாலும் மணலே காணப்படும்.